நீலப்பண்டியில் ஆறு இலை

மொன்றியல் நகரத்து லஷீனில் கால்வாயைப் பார்த்தபடி நிற்கிற அந்தச் செங்கல் கட்டடத்தின் வாசலில் ஒரு நீலக் காட்டுப்பன்றி தொங்குகிறது. பலகையில் வரைந்த பன்றி. காற்றடித்தால் கிரீச்சிடும். கட்டடத்தைக் கட்டிய ஹார்ப்பர் என்ற இங்கிலாந்துக்காரன், தன் ஊர்ச் சந்தியில் இருந்த குடிசாலையின் பெயரையே இதற்கும் வைத்து, பலகையையும் கப்பலில் கொண்டுவந்தானாம். நூறு வருடம் கழித்துப் பிரெஞ்சுச் சட்டம் வந்து, பன்றிக்குக் கீழே இருந்த இங்கிலீஷ் எழுத்தை அழித்துப் பிரெஞ்சில் எழுதவைத்தது. பன்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு வைகாசியில் இரவிச்சந்திரன் அந்தக் கடையை எடுத்தார். எடுத்து ஒரு கிழமைக்குள் மொன்றியல் யாழ்ப்பாணத்தார் அதற்கு மூன்றாவது பெயரையும் வைத்துவிட்டார்கள். பண்டிக்கடை. ஊர் வாயில் பன்றி பண்டிதான்.

“கோயில் திருவிழாவுக்கு உபயம் செய்யிற மனிசன் பண்டிக்கடை நடத்துறாராம்” என்று சனம் சிரித்தது. இரவிச்சந்திரன் அசரவில்லை. “விஷ்ணு எடுத்த அவதாரமடா. கும்பிட்டிட்டுக் குடியுங்கோ” என்பார்.

அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அகதியாக வந்து இறங்கிய நாளிலிருந்து நகரத்துச் சாப்பாட்டுக்கடைக் குசினிகளில்தான் காலம் போனது. கோப்பை கழுவினார், கிழங்கு உரித்தார், பிறகு சமைத்தார். மனைவி இந்திராதேவி சபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் பதினாறு வருடம் காற்சட்டைக்குச் சிப் வைத்துத் தைத்தவள். தொழிற்சாலை மூடப்பட்டதும், “இனி நானும் ஒருத்தனுக்கும் வேலை செய்யமாட்டன், நீரும் செய்யக்கூடாது” என்று மனிசன் ஒற்றைக்காலில் நின்று கடையை எடுத்தார். மேல்மாடியில் வீடு, கீழே கடை, அதற்கும் கீழே பீர்ப் பீப்பாய்கள் இருக்கிற நிலவறை. ஒரே மகள் அஜந்தா கலியாணம் முடித்துக் கர்க்லாண்டில் இருந்தாள்.

கடைக்கு வந்தவர்கள் முக்கால்வாசி கிழவர்கள். கால்வாய்க் கரையில் இருந்த இரும்பு ஆலைகளில் வேலை செய்து காது மந்தமானவர்கள். சின்னக் கிளாசில் பீர் வாங்குவார்கள், இரண்டு இரண்டாக. அதற்குள் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு நுரை எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடிக்க வினாகிரியில் ஊறிய முட்டை. இந்திராதேவி இரண்டாம் கிழமை ஆட்டிறைச்சி றோல்ஸ் பொரித்துக் கொடுத்துப் பார்த்தாள். மூன்றாம் கிழமை முட்டைப் போத்தலை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாக்குக்கு என்ன நாடு?

குசினிக்கும் குடிக்கிற அறைக்கும் நடுவில் சாப்பாடு நீட்டுகிற சின்ன யன்னல் ஒன்று இருந்தது. அதற்குள்ளால் பார்த்தால் எதிர்ச்சுவரில் சட்டம் போட்ட படங்கள் வரிசையாகத் தெரியும். அவர்கள் யாரென்று இந்திராதேவிக்குச் சொன்னது கத்தரின்.

கத்தரின் பழைய முதலாளி பிராங்கின் விதவை. கடையைக் கொடுத்துவிட்டுப் புவாண்ட்-கிளேரில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனவள். எண்பது வயது. வியாழக்கிழமை மத்தியானம் தவறாமல் பஸ் பிடித்து வந்து, குசினி முக்காலியில் இருந்து பட்டாணிச் சூப் குடிப்பாள். ஆவணியில் ஒருநாள் இந்திராதேவி உள்ளி உரித்துக்கொண்டிருக்க, கிழவி யன்னலுக்குள்ளால் விரலை நீட்டி ஒவ்வொருவராகச் சொன்னாள். தொழிற்சாலையில் படித்த இந்திராதேவியின் இங்கிலீசுக்கு ஏற்றபடி ஆறுதலாகச் சொன்னாள்.

“தாடிக்காரன் ஹார்ப்பர். அவனுக்குப் பக்கத்தில் மருமகன் டொட். ஒரு மாசி மாதம் கால்வாய்ப் பனிக்கட்டிமேல் நடந்து வந்தான், பனி உடைந்து உள்ளே போனான். இளவேனிலில்தான் எடுத்தார்கள். மூன்றாவது மகில், ஐரிஷ்காரன், முதலாம் யுத்தத்தில் ஒரு காலை விட்டுவிட்டு வந்தவன். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் அங்கிருந்து ஆட்கள் ரயிலேறி வந்து இவனிடம் குடித்தார்கள். நாலாவது பெல். ரேடியோவில் ஹொக்கி கேட்டபடி கதிரையிலேயே செத்துப்போனான். அவன் செத்ததைக் கடை மூடுகிற நேரம்வரை ஒருவரும் கவனிக்கவில்லை.”

“அஞ்சாவது உங்கட ஆள்.”

“என் ஆள்தான். நாற்பத்துமூன்று வருடம். எல்லாரும் நல்ல சாப்பாட்டுக்காரர், இந்திரா. ஹார்ப்பரின் பெண்சாதி ஒரு நேரத்துக்கு எட்டு முட்டை பொரிப்பாளாம்.”

“நீங்கள் ஏன் எப்பவும் குசினியிலேயே இருக்கிறியள்? முன்னுக்கு வந்து கதிரையில இருங்கோவன்.”

கத்தரின் சிரித்தாள். “இந்த மாகாணத்தில் எண்பதுகள் வரைக்கும் இப்படிப்பட்ட இடங்களுக்குள் பெண்கள் போகக்கூடாது, தெரியுமா? சட்டம். நான் சமைத்தேன், கழுவினேன், அவன் கை நடுங்கத் தொடங்கிய பிறகு எல்லாவற்றையும் நானேதான் நடத்தினேன். எல்லாம் இந்த யன்னலுக்கு இந்தப் பக்கம். பிறகு சட்டம் மாறியது. என் கால் மாறவில்லை.”

இந்திராதேவிக்கு அன்றைக்கு அந்தக் கிழவியில் பாசம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வியாழக்கிழமைதான் கத்தரின் வந்தாள். புரட்டாதியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் மட்டும் அந்த ஐப்பசியில் குசினி முக்காலியில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தீபாவளி அந்த வருடம் செவ்வாய்க்கிழமை. இந்திராதேவியின் ஊர்ப்பக்கம் தீபாவளிக்கு முதல்நாள் வீட்டில் செத்தவர்களுக்குப் படைப்பார்கள். மச்ச மாமிசம், சாராயம், சுருட்டு, அவரவர் விரும்பியதெல்லாம் வைத்துப் படைப்பார்கள். மொன்றியலுக்கு வந்த பிறகு ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொரு வாடகை வீட்டுக்கு மாறினதே ஒழிய, அவளுக்குப் படைக்க ஒரு வீடு அமையவில்லை. இப்போது வீடு இருந்தது. செத்தவர்களும் இருந்தார்கள்.

“அவை வெள்ளைக்காரர், சிலுவை கும்பிடுற வேதக்காரர். நீர் படைச்சால் அவைக்கு விளங்குமே?” என்று இரவிச்சந்திரன் பகிடி பண்ணினார்.

“பசி எல்லாருக்கும் ஒண்டுதான். நாங்கள் அவையின்ர வீட்டில இருந்து உழைச்சுச் சாப்பிடுறம். ஒருநாள் ஒரு பிடி சோறு வைச்சால் குறைஞ்சே போயிடுவம்?”

“சரி, படையும். கொஞ்சம் கூடவாப் படையும். கடைசியில திண்ணிறது நான்தானே.”

திங்கட்கிழமைகளில் கடை மூன்று மணிக்குத்தான் திறக்கும். அவள் விடியவே எழும்பிக் குசினியில் இறங்கிவிட்டாள். ஆட்டுக்கறி, விளைமீன் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, வடை, வெள்ளைக்காரருக்காக அவித்த முட்டை. தமிழ்க்கடையில் வாங்கிய வாழையிலை பனியில் உறைந்து பலகைபோல் கிடந்தது. அதைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்கினாள். வெளியே பக்கத்து வீடுகளின் படியில் பூசணிக்காய்த் தலைகள் இருந்தன. பிள்ளைகள் பின்னேரம் பேய் வேடம் போட்டு வரப்போகிறார்கள் என்பது அவளுக்கு ஞாபகமேயில்லை.

எத்தனை இலை வெட்டுவது என்று யன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்தாள். உள்ளே விளக்குப் போடவில்லை. முகங்கள் தெரியவில்லை, சட்டங்கள்தான் மங்கலாகத் தெரிந்தன. எண்ணினாள். ஆறு.

‘அஞ்சு எண்டெல்லோ மனிசி சொன்னது?’ என்று ஒரு கணம் யோசித்தாள். ஒருவரை விட்டுவிட்டாளாக்கும், எண்பது வயதில் ஞாபகம் பிசகாதா என்ன என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். ஐந்து பேரைக் கூப்பிட்டு ஒருவரைக் கூப்பிடாமல் விட்டால் அதைவிடப் பழி வேறு இல்லை. ஆறு இலை வெட்டினாள்.

படங்களுக்குக் கீழே நீள மேசையில் ஆறு இலைகளையும் போட்டு, சோறு கறி படைத்து, ஒவ்வோர் இலைக்குப் பக்கத்திலும் உப்புப் போட்ட பீர் ஒரு கிளாசும் ஒரு சிகரெட்டும் வைத்தாள். புகையும் பொரியலுமாகக் கண் எரிந்தது. தலைநிமிர்ந்து படங்களைப் பார்க்கவில்லை. படைக்கும்போது குனிந்த தலையோடுதான் நிற்கவேண்டும் என்பது அவள் பழகிய பழக்கம். பெயர் பெயராகக் கூப்பிட நாக்கு வராமல், “இந்த வீட்டை வைச்சிருக்கிற எல்லாரும் வந்து வயிறாரச் சாப்பிடுங்கோ” என்று மூன்று தரம் சொன்னாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்கு வந்து யன்னலையும் மூடினாள். அவர்கள் சாப்பிடும்போது பார்க்கக்கூடாது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று. மனிசன் அவசரப்பட்டு உள்ளே போய்விட்டார் என்று அவளுக்குக் கோபம் வந்தது. ஐந்தாவது கதிரை இழுபட்டபோது பின்கதவைத் திறந்துகொண்டு, கையெல்லாம் பீப்பாய்க் கறையோடு இரவிச்சந்திரன் வந்து அவளுக்கு முன்னால் நின்றார்.

“படைச்சு முடிஞ்சுதே? குடல் காயுது.”

பழைய கட்டடம், பலகைத் தரை, அப்படித்தான் சத்தம் போடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆறு இலையிலும் ஒவ்வொரு பிடி எடுத்துப் பின்சந்தில் காகத்துக்கு வைக்கப் போனாள். காகம் காத்திருந்தது போல வந்தது. திரும்பி உள்ளே வந்தபோது இரவிச்சந்திரன் கடைசி இலைக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, பாதிச் சோற்றை முடித்திருந்தார். மின்விளக்கு எரிந்தது.

“கறி எண்டால் இது கறி. இப்பிடி ஒரு நாளும் வாய்க்கேல்லை இந்திரா. இந்த இலை ஆருக்கு வைச்சனீர்?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆறாவது படத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தபடி இருந்தவர் இரவிச்சந்திரன்.

“ஐயோ. உந்தப் படத்தை ஆர் கொழுவினது?”

“உருத்திரமூர்த்திதான். காலமை நீர் குசினியில நிக்கேக்க வந்து கொழுவிப்போட்டுப் போனவன். தீபாவளிப் பரிசாம். முதலாளிமாற்ற வரிசையில என்ர கூட்டாளியும் இருக்கட்டும் எண்டான். வடிவா இருக்கெல்லே?”

உருத்திரமூர்த்தி பார்க் எக்ஸ்ரென்ஷனில் கலியாணப் படம் பிடித்துச் சட்டம் போடுகிறவர். இரவிச்சந்திரனுக்கு ஊரிலிருந்தே கூட்டாளி.

“எழும்புங்கோ! உயிரோட இருக்கிற ஆளுக்கு இலை போட்டிட்டனே, பாவி நான். எழும்புங்கோ, சாப்பிடாதேங்கோ!”

“விசர்க்கதை கதையாதையும்” என்று அவர் சிரித்து, இலையை வழித்து நக்கினார். அதற்குப் பிறகு கனநாளைக்கு அவர் எதையும் ஆசையோடு சாப்பிடவில்லை.

அன்று இரவு பசியில்லை என்றார். மத்தியானம் உண்டது கனத்துவிட்டது என்று அவளும் விட்டுவிட்டாள். மறுநாள் தீபாவளிக்கு அஜந்தா குடும்பமாக வந்திருந்தாள். எல்லாரோடும் மேசையில் இருந்து சோற்றைப் பிசைந்தார், பிசைந்தார், பிசைந்தபடியே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“என்னப்பா, சாப்பிடேல்லையே?” என்று அஜந்தா கேட்டாள்.

“நான் சாப்பிட்டிட்டன் பிள்ளை.”

“எப்ப? ஆரோட?”

“கீழ” என்றார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாதவர்போல முழித்தார்.

ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது. தண்ணீரும் நாலு வாய்க் கஞ்சியும் தவிர ஒன்றும் இறங்கவில்லை. ஆவி பறக்கக் கொண்டுவந்து வைக்கிற சோறு அவருக்கு முன்னால் வைத்த உடனே ஆறிப்போனது. இந்திராதேவி அதைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது. அஜந்தா தகப்பனைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரத்தம் எடுத்தார்கள், தொண்டைக்குள்ளால் கமரா விட்டார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள். நிறை மட்டும் பதினொரு கிலோ குறைந்திருந்தது. கோயில் ஐயர் அர்ச்சனை செய்து நூல் கட்டிவிட்டார். நூல் இரண்டு நாளில் மணிக்கட்டிலிருந்து கழன்று விழுந்தது. கை அவ்வளவுக்கு மெலிந்துவிட்டது.

மேலே வீட்டில் அவருடைய குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் மெல்ல வரும். கீழே பீர் ஊற்றுகிற இடத்துக்குப் போனால் அதே மனிசனுக்குச் சிங்கக்குரல். ஒருநாள் ஒரு கிழவனிடம், “உன்ர தகப்பன் அந்தத் தூணடியிலதான் இருப்பான், மூண்டு சிட்டிகை உப்புப் போடுவான்” என்று இங்கிலீசில் சொன்னார். கிழவன் ஓமென்று தலையாட்டினான். அவனுடைய தகப்பன் செத்தது ஐம்பத்திரண்டாம் ஆண்டு. இரவிச்சந்திரன் பிறந்தது ஐம்பத்துமூன்றில்.

கார்த்திகை நடுவில் செலீன் வந்து இந்திராதேவியைப் பிடித்தாள். பின்னேரங்களில் மேசைக்குப் பீர் கொண்டுபோகிற பெண் அவள், லஷீன்காரி.

“மதாம், உங்கள் கணவருக்கு என்ன? இன்றைக்கு என்னை முன்வாசலால் வரவேண்டாம் என்கிறார். பெண்கள் பக்கத்துக் கதவால் குசினிக்குப் போகவேண்டுமாம். எந்தக் காலத்தில் இருக்கிறார் அவர்?”

இந்திராதேவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நேரே அறைக்குள் போனாள். இரவிச்சந்திரன் கிளாஸ் துடைத்துக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும் அவர் முகத்தில் வந்தது கோபமில்லை, கூச்சம்.

“இந்திரா, இதுக்குள்ள வராதையும். பொம்பிளையள் இதுக்குள்ள வாறேல்லை. ஆக்கள் பாக்கினம்.”

மேசைகளில் ஒருவரும் இருக்கவில்லை. மூன்று மணிகூட ஆகவில்லை.

“ஆர் பாக்கினம்?”

அவர் நீள மேசைப் பக்கம் பார்த்துத் தலையை ஒருமுறை மரியாதையாக அசைத்தார். இருபத்தாறு வருடம் தன்னோடு குடும்பம் நடத்திய மனிசன் தன் கண்ணுக்கு முன்னாலேயே வேறு யாரோடோ சேர்ந்து போகிறார் என்பது அவளுக்கு அன்றுதான் முழுதாக விளங்கியது. விறுவிறென்று போய்க் கதிரையில் ஏறி ஆறாவது படத்தைக் கழற்றினாள். ஆணி இலேசாக விட்டது. அதே நேரம் பின்னால் கிளாஸ் உடைகிற சத்தம் கேட்டது. இரவிச்சந்திரன் வெட்டிச் சாய்த்த வாழைபோல் தரையில் கிடந்தார். மூச்சில்லை. அவள் அலறிக்கொண்டு படத்தைத் திரும்ப ஆணியில் கொழுவினாள். அவர் கண்ணைத் திறந்தார்.

“கால் வழுக்கிப்போச்சு” என்றார். “கத்தாதையும்.”

மார்கழி முதல் வியாழக்கிழமை கத்தரின் வந்தாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிடித்து நடக்கிற நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்துக் கதவால் ஏறி, மூச்சு வாங்கி, முக்காலியில் இருந்து, யன்னலுக்குள்ளால் வழமைபோலப் பார்த்தாள். சூப்பைக் கையிலும் எடுக்கவில்லை.

“அதை யார் மாட்டியது?”

இந்திராதேவி எல்லாவற்றையும் சொன்னாள். அழுதழுது, இங்கிலீசு பாதி தமிழ் பாதியாகச் சொன்னாள். இலை என்றால் என்ன, படைப்பது என்றால் என்ன என்று கிழவிக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை.

“இந்தச் சுவரில் ஆள் போன பிறகுதான் படம் ஏறும், இந்திரா. பிராங்கை அடக்கம் செய்துவிட்டு வந்து அன்றைக்கே நான் மாட்டினேன். நடத்துகிறவனின் படத்தை மாட்டுவதில்லை. நடத்தி முடித்தவனுடையதைத்தான். நீங்கள் படத்தையும் மாட்டி, சாப்பாடும் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் விட்டீர்களா?”

“பேர் சொல்லேல்லை. வீட்டை வைச்சிருக்கிற எல்லாரும் எண்டு சொன்னனான்.”

கத்தரின் யன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னது இந்திராதேவிக்குச் சொன்னதுபோல் இல்லை. சுவருக்குச் சொன்னதுபோல் இருந்தது.

“வீட்டை வைத்திருந்தவர்கள்! ஹார்ப்பர் குடித்துக் கிடந்தான், அவன் பெண்சாதி எலிசா வைத்திருந்தாள். டொட் மூழ்கிய பிறகு ஒன்பது வருடம் அவன் பெண்சாதி வைத்திருந்தாள். மகிலுக்குக் கால் இல்லை, பெல்லுக்கு மூச்சு இல்லை, பிராங்குக்குக் கை இல்லை. உரிமம் ஆணின் பெயரில், படம் ஆணின் படம். சுவரில் ஐந்து பேர். இந்தக் குசினியில் ஐந்து பேர் நின்றோம். எங்களை ஒருவரும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.”

அந்த ஞாயிறு உருத்திரமூர்த்தி வந்தார். கூட்டாளியின் கோலத்தைக் கண்டு மேல்மாடிப் படியிலேயே குந்தி அழுதார். எல்லாம் தான் கொழுவிய படத்தால் வந்தது என்று இந்திராதேவி சொல்லி அவருக்குத் தெரிந்திருந்தது.

“அக்கா, கடையை நான் எடுக்கிறன். என்ர பேருக்கு மாத்துவம். வைச்சிருக்கிற ஆளுக்குத்தானே இலை? அப்ப ஆள் மாறினால் இலையும் மாறும். இரவி தப்பியிடுவான்.”

அவளுக்கும் அந்த நினைப்பு இரண்டு நாளாக இருந்தது. வேறு யாராவது வைத்திருந்தால் என்ன? அவள் அவருக்கு முன்னால் றோல்ஸ் கோப்பையை வைத்தாள். உருத்திரமூர்த்தி அழுதுகொண்டே ஒன்றைக் கடித்தார். இரண்டாவதையும் எடுத்தார். மூன்றாவதைச் சட்னியில் தோய்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்ல உறைப்பு அக்கா” என்றார். நல்ல பசிக்காரன், மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம் தம்பி” என்றாள். “இலை போட்டது நான்.”

“அதுக்கு?”

“கடையை என்ர பேருக்கு மாத்துறன். நீர் எனக்கொரு படம் பிடிச்சுத் தாரும்.”

“அக்கா, உங்களுக்கு விசரே!”

“உம்மட கூட்டாளி சாகிறதைப் பாத்துக்கொண்டு நான் மூண்டு நேரமும் சாப்பிடோணுமே? அந்தச் சோறு எனக்கு இறங்குமே? எப்பிடியும் சாப்பாடில்லை எண்டால் நான் அவருக்காகவே சாப்பிடாமல் இருக்கிறன். பிடியும் படத்தை.”

அவளுக்குப் பயமில்லை என்றில்லை. அன்றிரவு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். ஆனால் பயத்துக்கு நடுவில் இன்னொன்றும் இருந்தது, அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தச் சுவரில் ஒரு பெண் ஏறட்டும் என்ற ரோசம்.

அஜந்தா பிரெஞ்சுப் படிவங்களை நிரப்பினாள். அப்பாவுக்கு வருத்தமென்றபடியால்தான் அம்மாவின் பெயருக்கு மாற்றுகிறோம் என்று அவள் நினைத்தாள். அது பொய்யுமில்லை. இரவிச்சந்திரன் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். பேனை பிடிக்கிற பலம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. பிறகு காத்திருந்தார்கள். அந்த நாட்களில் அவள் கீழே குசினியில் தாளிக்கிற சத்தத்தைவிட மேலே அவர் மூச்சு விடுகிற சத்தத்துக்குத்தான் காது கொடுத்தாள். தை இரண்டாம் கிழமை உரிமக் கடிதம் வந்தது. கத்தரின் அன்று பார்த்து வந்திருந்தாள். கடிதத்தை வாங்கி, இந்திராதேவியின் பெயரைத் தன் வாயால் ஒருதரம் எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவள் கைதான் அதைச் சட்டத்துக்குள் வைத்தது.

மத்தியானம் பன்னிரண்டு மணி. இந்திராதேவி முழுகி, சேலை கட்டி, முன்வாசலால் அறைக்குள் வந்தாள். ஒரேயொரு இலை. ஆட்டுக்கறி, மீன், கத்தரிக்காய். உரிமத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டினாள். கதிரையில் ஏறி ஆறாவது ஆணியிலிருந்து கணவரின் படத்தை ஒரு கையால் எடுக்கும்போதே மறுகையால், உருத்திரமூர்த்தி பிடித்துக் கொடுத்த தன்னுடைய படத்தைக் கொழுவினாள். மேலே எதுவும் விழுகிற சத்தம் கேட்கவில்லை. இறங்கி, கையெடுத்துக் கும்பிட்டாள். இந்தத் தரம் தலையைக் குனியவில்லை.

“இந்திராதேவி” என்று தன்னைத்தானே கூப்பிட்டாள். “வந்து சாப்பிடு.”

நீள மேசையில் ஐந்து கதிரைகள் ஒரேயடியாகப் பின்னுக்கு இழுபட்டன. அவளுக்கு மரியாதையாக எழுந்தார்களோ, பெண்ணோடு இருக்கமாட்டோம் என்று எழுந்தார்களோ தெரியாது. குசினி யன்னலுக்கு அந்தப் பக்கம் கத்தரின் அசையாமல் நின்றாள். கொஞ்சம் பொறுத்துக் கதிரைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப முன்னுக்கு வந்தன. இந்திராதேவி ஆறாவது கதிரையில் இருந்து சாப்பிட்டாள். தன் கையால் சமைத்த சாப்பாடு இவ்வளவு ருசியென்று அவளுக்கு அதுவரை தெரியாது. எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சட்டியோடு வழித்துத் தின்றவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். கண்ணீர் இலையில் விழுந்தது, அதையும் சேர்த்துப் பிசைந்தாள்.

கை கழுவப்போனபோது மேல்மாடியிலிருந்து குரல் கேட்டது. வீட்டுக்குள்ளிருந்து வருகிற குரல், பழைய குரல்.

“இந்திரா! இஞ்ச வாரும். பசிக்குதப்பா, உயிர் போகுது.”

அவள் படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. சோறு போட்டாள். ஆவி பறந்தது. அவருக்கு முன்னால் வைத்த பிறகும் பறந்தது. அவர் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். கன்னம் இரண்டும் உப்பி, மீசையில் பருக்கை ஒட்டி, சின்னப்பிள்ளை மாதிரிச் சாப்பிட்டார். அவளுக்கு அதைப் பார்க்கப் போதாமல் இருந்தது. மூன்றாந்தரம் சோறு போடும்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நீர் சாப்பிடேல்லையே?”

எதிரில் தனக்கென்று வைத்திருந்த கோப்பையை அவள் தொட்டுப் பார்த்தாள். சோறு ஐஸ்போல் குளிர்ந்திருந்தது.

“நீங்கள் சாப்பிடுங்கோ. நான் பிறகு சாப்பிடுறன்.”

இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு நாளும் அவர் கேட்ட பதில்தான். கோப்பையை நீட்டி, இன்னும் கொஞ்சம் குழம்பு விடச் சொன்னார்.